அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம் 1776-ல் வந்ததா?

"1776 ஜூலை 4 அன்று அமெரிக்கா விடுதலை பெற்றது, அன்றே அரசியலமைப்புச் சட்டமும் வந்தது, வாஷிங்டனும் அதிபரானார்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. அன்று ஏற்கப்பட்டது விடுதலைப் பிரகடனம் மட்டுமே. வாஷிங்டன் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30-ல்.

இடையில் என்ன இருந்தது? 1781-ல் நடைமுறைக்கு வந்த, மாநிலங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட கூட்டமைப்பு ஒப்பந்தம். அதன்படி நாட்டுக்கு நிர்வாகத் தலைவர் என்று ஒருவர் கிடையாது, தேசிய நீதித்துறையும் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, காங்கிரஸால் (அமெரிக்க நாடாளுமன்றம்) வரி விதிக்க முடியாது; மாநிலங்களிடம் பணம் கேட்கத்தான் முடியும். அவை பெரும்பாலும் தரவில்லை. சரி, இறக்குமதிக்கு 5 சதவீத வரியாவது போடலாம் என்றால், ஒப்பந்தத்தைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். 1782-ல் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்தது, திட்டமே படுத்துவிட்டது. விடுதலைப் போரில் ரத்தம் சிந்திய வீரர்களுக்கே சம்பள பாக்கி! 1783-ல் அவர்களில் சிலர் பிலடெல்பியாவில் திரண்டு முற்றுகையிட, காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம்பெயர்ந்தது. 1786-ல் மாசசூசெட்ஸில் கடனில் நொந்த விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைவீரர் தலைமையில் கிளர்ந்தபோதும் மத்திய அரசு கையைப் பிசைந்து நின்றது.

அதன் பிறகுதான், 1787-ல், பிலடெல்பியா மாநாட்டில் இன்றைய சட்டம் எழுதப்பட்டது. வரி, வணிக ஒழுங்குமுறை அதிகாரங்கள் காங்கிரஸுக்குக் கிடைத்தன. அதிபர், உச்ச நீதிமன்றம் வந்தன. திருத்தத்துக்கு முக்கால்வாசி மாநிலங்களின் ஒப்புதல் போதும் என்றானது. அடிமை முறையை மட்டும் அது ஒழிக்கவில்லை. அதற்கு 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.