ஈராக் போரை எந்த நிபுணரும் எதிர்க்கவில்லையா?

“2003 ஈராக் போருக்கு வெளியுறவு நிபுணர்கள்தான் காரணம், ஒருவர்கூட எச்சரிக்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. 2002 செப்டம்பரிலேயே மியர்ஷைமர், வால்ட் உட்பட 33 சர்வதேச உறவுத் துறை அறிஞர்கள் நியூயார்க் டைம்ஸில் விளம்பரம் கொடுத்து, இந்தப் போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்றார்கள். ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு அதே ஆண்டு அக்டோபரில் எழுத்திலேயே மறுத்தது. அப்புறம், போருக்குப் பின் ஈராக்கைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செகி 2003 பிப்ரவரியில் செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துறை துணைச் செயலர் வொல்ஃபோவிட்ஸ் அதைப் பகிரங்கமாக நிராகரித்தார். சொன்னவர் படையின் தலைவர், அவர் பேச்சே எடுபடவில்லை!

சரி, போரை ஆதரித்த ஆய்வாளர்களும் நிறையப் பேர் இருந்தார்கள், பேரழிவு ஆயுதங்கள் பற்றிய உளவு மதிப்பீடும் தவறாகவே போனது. அவர்களைக் கேள்வி கேளுங்கள், அது நியாயம். ஆனால் முடிவெடுத்தவர் அதிபர் புஷ். அதற்கு அதிகாரம் கொடுத்தது நாடாளுமன்றம். செனட்டில் மட்டும் ஆதரவு 77, எதிர்ப்பு 23. எச்சரித்தவர்களையும் சேர்த்து ‘நிபுணர்கள்’ என்று ஒரே கணக்கில் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.