கடல் நீர் காரமாகவே இருந்தாலும் சிப்பி ஓடுகள் கரையும்

கடலின் பிஹெச் (அமில-கார அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.1, அதாவது இன்னும் காரம்தான். அதனால் சிப்பி, நத்தைகளின் ஓட்டுக்கு ஆபத்தில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்கிறார்கள். எண் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

ஓடு கரைய, நீர் 7-க்குக் கீழே போய் அமிலமாக வேண்டும் என்பதில்லை. சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட். அதைக் கட்டக் கார்பனேட் அயனி வேண்டும். காற்றிலிருந்து கடலில் கரையும் கார்பன் டை ஆக்சைடு அந்த அயனியைத்தான் குறைக்கிறது. அது ஓர் அளவுக்குக் கீழே போனால், நீர் காரமாக இருக்கும்போதே ஓடு கரையத் தொடங்கிவிடும். டெரோபாட் என்று குளிர்க்கடலில் நீந்தும் சின்னஞ்சிறு நத்தை ஒன்று உண்டு. கண்ணாடி போல மெல்லிய ஓடு. கார்பனேட் குறைந்த நீரில் உயிரோடு வைத்துப் பார்த்தபோது இரண்டே நாளில் அதன் ஓடு அரிக்கத் தொடங்கியது. 2005-இல் வெளியான ஆய்வு இது.

அப்புறம், தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 இருந்தது இப்போது 8.1 என்றால் அற்ப மாற்றம் போலத் தெரியும். பிஹெச் மடக்கை அளவுகோல்: ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். கால்குலேட்டரில் 10-இன் அடுக்கு 0.1 போட்டுப் பாருங்கள், 1.26 வரும். ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

என் சொல்லை நம்ப வேண்டாம். ஹவாய்க்கு வடக்கே அலோஹா நிலையத்தில் 1988 முதல் எடுத்துவரும் அளவீடுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பிஹெச் வரிசையோடு, அரகோனைட் தெவிட்டுநிலை வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். அரகோனைட் என்பது ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம்; அது கரையாமல் இருக்க நீரில் போதிய கார்பனேட் உண்டா என்பதைத் தெவிட்டுநிலை காட்டும். ஓட்டின் கதை அந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறது.