இறக்கத்தில் எது பிடிக்கும்?

கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர ஏடிவி வண்டிகளைத் தரவரிசைப்படுத்திய உங்கள் கட்டுரையில், வேகத்தையும் குதிரைத்திறனையும் மட்டும் பார்த்து 686 சிசி யமஹா கிரிஸ்லிக்கு முதலிடமும் 420 சிசி ஹோண்டா ரான்ச்சருக்குக் கடைசி இடமும் கொடுத்திருக்கிறீர்கள். தோட்ட வேலைக்கு வாங்க நினைப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

கிருஷ்ணகிரிப் பக்கம் கரட்டுச் சரிவிலும் மாந்தோப்பு உண்டு. பின்னால் மாங்காய் கிரேட்டுகளை அடுக்கிக்கொண்டு சரளை மண்ணில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது; பக்கவாட்டில் சறுக்கும். அங்கே எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் விசையைப் பெல்ட் வழியே சக்கரத்துக்கு அனுப்பும் சாதாரண வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டதும் அந்தப் பிடி போய்விடும். கிரிஸ்லியில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருப்பதால் பிடி நிற்கும், அது நல்ல வண்டிதான். ரான்ச்சரில் பெல்ட்டே கிடையாது, முழுக்க கியர். ஓடையில் இறங்கினாலும் பெல்ட் நனைந்து வழுக்கும் என்ற பயம் இல்லை. என் ஓட்டு அதற்குத்தான். தோப்புக்குள் உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம், டிரெயில் ஓட்ட அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பாதைகளைப் பரிந்துரைத்த வரியைத் தயவுசெய்து நீக்குங்கள். அது யானைகள் நடமாடும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியோடு உள்ளே போவது குற்றம்.