டிஎன்ஏ இழை கண்டபடி உடைவதில்லை
மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) குட்டி டிஎன்ஏ இழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உடையும், அதனால் ஒரு துண்டுக்குச் சின்ன பீக் (வரைபடத்தில் எழும் முகடு) வந்தாலே இழையின் எழுத்து வரிசை தப்பு என்று சிலர் சொல்வது சரியல்ல. எதிர்மின்னூட்டம் பெற்ற இந்த இழைகளை (அயனிகளை) வாயு மூலக்கூறுகளோடு மோதவிடும்போது, பெரும்பாலும் முதலில் ஒரு காரம் (டிஎன்ஏவின் A, G, C, T எழுத்துகளில் ஒன்று) கழன்றுவிடும். அப்புறம் அந்தக் காரம் ஒட்டியிருந்த சர்க்கரையின் 3' (மூன்றாம் கார்பன்) பக்கத்துக் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு அறும். அதனால்தான் காரம் இழந்த 'ஏ' துண்டும் (இழையின் 5' முனை உள்ளது) 'டபிள்யூ' துண்டும் (3' முனை உள்ளது) ஓங்கித் தெரிகின்றன (1992-இல் மெக்லக்கி என்ற ஆய்வாளரின் குழு வகுத்த பெயர்கள்). தைமின் (T) காரம் மட்டும் லேசில் கழலாது. எனவே தைமினுக்கு அடுத்த பிளவு இயல்பாகவே மங்கலாகத்தான் வரும். அதை வைத்து மாதிரியைக் குறை சொல்லாதீர்கள். ஆர்என்ஏ கணக்கே வேறு: சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சில் (OH) இருப்பதால், வேறு பிணைப்பு அறுந்து வரும் 'சி', 'ஒய்' துண்டுகளே அங்கே அதிகம்.