வீடியோவைவிடக் குரல் பதிவு மேல்

கைபேசியும் யூடியூபும் இருந்தால் டியூஷனே வேண்டாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சேலம் டவுனுக்குச் சரி. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம் வந்து பாருங்கள். மழை மூட்டம் என்றால் நேரலை வகுப்பு சுற்றிக்கொண்டே நிற்கும்.

பத்தாவது படிக்கும் என் மகளுக்குக் கைகொடுத்தது வேறு. 2018-இல் பாடத்திட்டம் மாறத் தொடங்கியதிலிருந்து அரசுப் பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு அச்சிடுகிறார்கள். அரசின் பாடச் செயலியான தீக்ஷாவில் அதை ஸ்கேன் செய்து, சிக்னல் உள்ள இடத்திலேயே வீடியோவை இறக்கிவிட்டால் வீட்டில் இணையம் வேண்டாம். யூடியூபை ஆகக் குறைந்த தரமான 144பி-யில் வைத்தாலும் ஓடும், ஆனால் போர்டு எழுத்து தெரியாது, கணக்குக்கு ஆகாது.

வாட்ஸ்அப் குழுவா? காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடத்தைத் தேடுவதற்குள் ஒரு கூடை காப்பிப் பழம் பறித்துவிடலாம். ஆனால் டீச்சர் அனுப்பும் இரண்டு நிமிடக் குரல் பதிவு தங்கம். மகள் தன் சந்தேகத்தை நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவாள். சிக்னல் வந்ததும் தானாகப் போய்விடும், ராத்திரிக்குள் பதில் வரும்.

அப்புறம், வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. பகலில் அது என்னோடு தோட்டத்தில் இருக்கும். கட்டுரையில் அந்தக் கணக்கே இல்லையே?