வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு மட்டும்தானா?

"எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் சும்மா பதிவு போடத்தான், வேலைக்கு வழி தெரியணும்னா கன்சல்டன்சிக்குத்தான் பணம் கட்டணும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதில் பாதிகூட உண்மை இல்லை.

அந்த அலுவலகத்தின் வாசல் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள்: 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்'. பேரிலேயே வழிகாட்டல் இருக்கிறது, என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று நேரில் கேட்கலாம், காசு கேட்க மாட்டார்கள். அப்புறம் அங்கேயே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் டிஎன்பிஎஸ்சி மாதிரியான தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள்.

சரி, பதிவு செய்தால் உடனே அரசு வேலையா? இல்லை. குரூப் 2, குரூப் 4 எல்லாம் தேர்வு எழுதித்தான். ஆனாலும் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், அதை ஆன்லைனிலேயே இலவசமாகச் செய்யலாம்.

மத்திய அரசு 2015-இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் என்ற வேலை தேடும் இணையதளத்திலும் பதிவு இலவசம்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2022-இல் வந்த தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் யாரிடமும் முன்பணம் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.