தடயம் எடுக்கப் போறவங்க மனசை யார் பார்க்கிறது?

'தடயவியல் நிபுணர்கள் தடயங்களைச் சேகரித்தனர்' – கொலைச் செய்தியில் கடைசியா வர்ற வரி. அந்த வரியில இருக்கிறவங்கள்ல என் தம்பியும் ஒருத்தன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்தான் வேலை. அவன்கிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன்.

2024 ஜூலை 1ல இருந்து புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமல்ல இருக்கு. ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றம்னா தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்கு நேர்ல போகணும், வீடியோவும் எடுக்கணும். இதை முழுசா நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் டைம். நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். ஆனா போகப்போறது யாரு? இருக்கிற அதே ஆளுங்கதான்.

ரத்தம் பட்ட துணியை ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல போடக்கூடாதாம், பூஞ்சை புடிச்சு சாம்பிள் கெட்டுடும். நிழல்ல காயவச்சு, பேப்பர் கவர்ல போட்டு சீல் வைக்கணும். ஒரு தடவை சின்னப் புள்ளை கவுன். காயற வரைக்கும் அதையே பார்த்துட்டு இருந்திருக்கான். "பெரியவங்க பாடின்னா பழகிடுச்சுக்கா, இது முடியல"ன்னான். அன்னைக்கு ராத்திரி தூங்கிட்டிருந்த அவன் மகளை ரெண்டு தடவை எழுப்பிப் பார்த்தான்னு அவன் பொண்டாட்டி சொன்னா.

2023 ஜூலை 29ல கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் குடோன் வெடிச்சு ஒன்பது பேர் செத்தாங்க. நாம போன்ல வீடியோ பார்த்துட்டுத் தள்ளிவிட்டோம். இந்த வேலைக்காரங்க அப்படி ஒரு இடத்துல குனிஞ்சு ஒவ்வொண்ணா பொறுக்கணும். தொப்பூர் கணவாய் விபத்துன்னாலும் அதேதான். வருஷம் கழிச்சு சாட்சி சம்மன் வந்தா, மறக்க நினைச்சதையெல்லாம் கோர்ட்ல திரும்ப நினைச்சுச் சொல்லணும்.

"படிச்சுட்டுதானே போனான், தெரியாதா"ன்னு எங்க சொந்தத்துலயே கேக்குறாங்க. மனநல மருத்துவர்கள் பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேடு 2013லயே சொல்லிடுச்சு: மனித உடல் பாகங்களைச் சேகரிக்கிற மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யறவங்களுக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வரலாம். படிப்பு அதைத் தடுக்காது.

தமிழ்நாடு போலீஸுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோட சேர்ந்து, மன அழுத்தத்தைச் சமாளிக்க நிறைவாழ்வுன்னு ஒரு பயிற்சி கொண்டு வந்தாங்க. நல்ல காரியம். ஓசூர்ல இருந்து நிம்ஹான்ஸ் எட்டிப் புடிக்கிற தூரம்தான். காக்கி போடாத தடயவியல்காரங்க, விரல்ரேகைப் பிரிவு, போட்டோ எடுக்கிறவர், வண்டி டிரைவர் வரைக்கும் அந்த மாதிரிப் பயிற்சி போய்ச் சேரணும்.

குழந்தை சம்பந்தப்பட்ட ஸ்பாட்டுக்குப் போனவருக்கு மறுநாள் கட்டாய ஓய்வு கொடுங்க. வெளி ஆலோசகரோட பேசறதை டியூட்டியாவே ஆக்குங்க. "எனக்கு முடியல"ன்னு ஒருத்தர் வாய்விட்டுக் கேக்குற நிலைமை வரக்கூடாது, ஆலோசகர்கிட்ட பேசினது சர்வீஸ் ரெக்கார்டுலயும் ஏறக்கூடாது. காலிப் பணியிடத்தை நிரப்புங்க.

இந்த வேலையில இருக்கிற தம்பி, தங்கச்சிங்களே, அரசோட மனநல உதவி போன் சேவை டெலி மானஸ், நம்பர் 14416. ராத்திரி எந்நேரம்னாலும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.